சிவப்பு முடிகிற இடம்

என் நாத்தனாருக்கு என்னைப் பிடிக்காது என்று பத்து வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். பதினோராவது வருடம்தான் புரிந்தது. அவருக்கு மனிதர்களையே அவ்வளவாகப் பிடிக்காது, அதில் எனக்கென்று தனிச் சலுகை எதுவும் கிடையாது. இல்லாவிட்டால் பதினைந்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து பிழைப்பு நடத்த யாருக்கு மனசு வரும்? கட்டடம் கட்டுகிற இடங்களில் ஒற்றைக் காலில் நிற்குமே பெரிய கிரேன், அதை ஓட்டுபவர் அவர். காலையில் ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். இரும்புக் கம்பிக் கட்டையும் சிமெண்ட் பலகையையும் தூக்கி, சொன்ன இடத்தில் சொன்னபடி வைப்பார். இருபது வருடத்தில் ஒரு பலகைகூட இடித்ததில்லை என்று அவரே சொல்லுவார், அடிக்கடி.

நான் கண் ஆஸ்பத்திரியில் படம் எடுப்பவள். கறுப்புத் திரை போட்ட ஒரு சின்ன அறை, தாடையை வைக்க ஒரு தாங்கி, நெற்றியை ஒட்ட ஒரு பட்டை, எதிரே விளக்கும் கேமராவும் பொருத்திய ஸ்லிட் லேம்ப். கண்ணைப் பல மடங்கு பெரிதாகப் படம் பிடித்து, பிறகு கம்ப்யூட்டரில் கோடு போட்டு அளப்பேன். "இமைக்காதீங்க" என்று ஒரு நாளைக்கு முந்நூறு தடவை சொல்கிறவளுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? வீட்டிலும் எனக்கு எல்லாம் அளவாக இருக்க வேண்டும். அதனால் நாத்தனார் எனக்கு வைத்த பெயர் அளவுகோல். என் கணவர், அதாவது அவருடைய தம்பி, இந்தப் பெயரைக் கேட்டுச் சிரிப்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு முறையும் யோசித்துவிட்டு, தட்டைக் கழுவ எழுந்து போய்விடுவார்.

போன வருடத் தொடக்கத்தில் அண்ணியின் (நாத்தனாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) இடது கண்ணில் மறுபடியும் சதை வளர்ந்தது. மறுபடியும் என்றால், மூன்றாம் முறை. வேறு ஒரு இடத்தில் இரண்டு தடவை வெட்டி எடுத்திருந்தார்கள். இரண்டு தடவையும் ஆறேழு மாதத்தில் முன்னைவிடக் கனமாகத் திரும்பி வந்தது. வருடக் கடைசியில் அவருக்குக் கண் பரிசோதனை இருந்தது. உயரக் கிரேன் ஓட்டுகிறவர்கள் வருடா வருடம் அதில் தேற வேண்டும். இரண்டு கண்ணும் தனித்தனியே அட்டையில் கடைசிக்கு முந்தின வரி வரை படித்தால்தான் மேலே ஏறலாம், இல்லாவிட்டால் தரையிலேயே நிற்க வேண்டியதுதான்.

"புரைன்னுதான் எல்லாரும் சொல்றாங்க," என்று வந்த அன்றைக்கே எங்கள் டாக்டரிடம் சொன்னார் அண்ணி.

எங்கள் டாக்டருக்கு ஆஸ்பத்திரியில் 'அவசரம்' என்று பெயர், வாழ்க்கையில் ஒரு காரியத்தையும் அவசரமாகச் செய்ததில்லை என்பதால். அவர் அண்ணியின் கண்ணை ஐந்து நிமிடம் பார்த்தார். மேலே பார்க்கச் சொன்னார், கீழே பார்க்கச் சொன்னார், மூக்கைப் பார்க்கச் சொன்னார். பிறகு மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து, சதையின் ஓரத்துக்கு அடியில் நுழைகிறதா என்று தொட்டுப் பார்த்தார். நுழையவில்லை.

"புரை கண்ணுக்கு உள்ள வர்றது. இது வெளியில, மேல் பக்கத்துல வர்றது," என்றார். "வெள்ளை முழியில இருக்கற மெல்லிசுத் தோல், கருவிழி மேல படர ஆரம்பிக்குது. மூணு மூலையா, பட்டத்தோட நுனி மாதிரி. பழைய காயத்தால ஒட்டிக்கிட்ட தோலா இருந்தா அடியில கம்பி போயிடும். இது முழுசா பிடிச்சிருக்கு. அப்புறம் நிறம், மேடு, ரத்தக் குழாய் ஓடற விதம் எல்லாம் பார்த்தேன். கெட்ட கட்டி எதுவும் இல்ல. சாதாரணச் சதை. வெயில்ல வேலை செய்யற பத்துப் பேர்ல ஒருத்தருக்காவது பார்க்கறேன்."

அண்ணி அதோடு விடவில்லை. "சரி, எப்பவும் மூக்குப் பக்கமே ஏன் வருது? வெயில் மூக்குப் பக்கமிருந்தா அடிக்குது?"

நாற்காலியில் சாய்ந்திருந்த டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நோயாளி ஒரு நல்ல கேள்வி கேட்டால் அவருக்கு வெளியே காத்திருக்கும் கூட்டம் மறந்துபோகும்.

"மூக்கு மறைக்கறதால அந்தப் பக்கம் நேரா வெயில் படாது. ஆனா காதுப் பக்கமிருந்து சாய்வா வர்ற வெளிச்சம் இருக்கே, அது கருவிழி வழியா நுழைஞ்சு, லென்ஸ்ல குவியற மாதிரி மூக்குப் பக்க ஓரத்துல போய்க் குவியுதுன்னு ஒரு யூகம். அந்த ஓரத்துலதான் தோலைத் தன் இடத்துல நிறுத்தி வைக்கற செல்லுங்க இருக்கு. அது கெட்டா வேலி போயிடும். உங்க கூண்டுல இடது பக்கம் கண்ணாடியா?"

"முழுக்கக் கண்ணாடி. மத்தியானத்துக்கு மேல அந்தப் பக்கம் தகரக் கூரைங்க பளபளன்னு அடிக்கும்."

"அப்ப இடது கண்ல வந்ததுல ஆச்சரியமில்ல," என்றார் டாக்டர்.

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார். இவ்வளவு வருடம் கண் ஆஸ்பத்திரியில் இருக்கிறாயே, இதை ஒரு நாளாவது சொன்னாயா என்று அந்தப் பார்வை கேட்டது. சொல்லவில்லைதான். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, ஆபரேஷன். முன்னே வெட்டினவர்கள் வெட்டின இடத்தைத் திறந்தபடியே விட்டுவிட்டார்கள், அதனால்தான் திரும்பத் திரும்ப வந்தது. இந்த முறை மேல் இமைக்கு அடியிலிருந்து நல்ல தோலில் ஒரு துண்டு எடுத்து அங்கே மூடிவிடலாம். இன்னொன்று, ஒரு புதுச் சொட்டு மருந்து. சதைக்குள் ஓடும் ரத்தக் குழாய்களைச் சுருக்கினால் சதை பட்டினி கிடந்து பின்வாங்குமா என்று அவர் அப்போது பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது பேர், பன்னிரண்டு மாதம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் சொட்டு. பாட்டில் ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எது என்பது பூட்டின அலமாரியில் உள்ள ஒரு காகிதத்துக்குத்தான் தெரியும்.

இரண்டு தடவை கத்தி பட்டவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? அண்ணி சொட்டைக் கேட்டார். டாக்டர் ஒப்புக்கொண்டார், ஆனால் நான்காம் மாதத்தில் ஒரு ஆபரேஷன் தேதியும் குறித்துக் கொடுத்தார்.

"கருவிழி ஓரத்துலருந்து மூணரை மில்லிமீட்டர் தாண்டினா, எடுத்தாலும் வடு நடுவுல இருக்கற கண் பாப்பாகிட்ட வந்துடும். அப்புறம் பார்வை முழுசாத் திரும்பாது. சொட்டு வேலை செய்யலன்னா இந்தத் தேதிக்கு வந்துடுங்க," என்றார்.

அண்ணியின் எண் பதினேழு. என் நாத்தனார் என்பதை முதல் நாளே டாக்டரிடம் சொன்னேன். படத்தை இரண்டு பேர் தனித்தனியே அளக்கிறோமே, அது போதும் என்றுவிட்டார். இரண்டாவது ஆளுக்கு அளக்கச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான் என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இங்கே என் பெருமையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அளவெடுக்கும் முறையை எழுதினவள் நான். சதையின் நுனி எங்கே முடிகிறது என்பதில் ஆளுக்கு ஆள் சண்டை வரும். ஏனென்றால் சிவப்பான பகுதிக்கு முன்னால் சாம்பல் நிறத்தில், கண்ணுக்கே சரியாகப் பிடிபடாத ஒரு தொப்பி மாதிரி ஓரம் உண்டு. எல்லோருக்கும் அது அரை மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். எனவே அதை விட்டுவிடலாம், ரத்தக் குழாயின் சிவப்பு எங்கே முடிகிறதோ அங்கே கோடு என்று விதி செய்தேன். விளக்கு எப்போதும் நேர் முன்னாலிருந்து, பரந்த வெளிச்சமாக, நிறம் மாறாமல். இந்த விதி வந்த பிறகு இரண்டு பேர் அளந்தாலும் ஒரே எண் வந்தது. டாக்டரே பாராட்டினார். அந்தப் பக்கத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சுவரில் ஒட்டினேன்.

முதல் மாதம் பதினேழாம் எண்ணுக்கு இரண்டு புள்ளி ஆறு. இரண்டாம் மாதம் இரண்டு புள்ளி நான்கு. மூன்றாம் மாதம் இரண்டு புள்ளி ஒன்று.

இதை வெளியே சொல்லக் கூடாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணி எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று, என் மிளகாய்த் தூள் டப்பாவில் ஏன் தேதி எழுதி ஒட்டியிருக்கிறது என்று கிண்டல் செய்துகொண்டிருந்தார். பேச்சோடு பேச்சாக, "அடுத்த வாரம் அந்த ஆபரேஷன் தேதி வருது. போகவா வேணாமா?" என்று கேட்டார். அவர் என்னிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்குத் தலை கால் புரியவில்லை.

"வேணாம் அண்ணி. குறைஞ்சுக்கிட்டே வருது. ரெண்டு புள்ளி ஆறுலருந்து ரெண்டு புள்ளி ஒண்ணு," என்றேன்.

"நிஜமாவா?"

"நான்தானே அளக்கறேன்."

அண்ணி மறுநாளே ஃபோன் செய்து தேதியை ரத்து செய்துவிட்டார். அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் எண்ணைக் கேட்பார், நானும் சொல்வேன். ஒன்று புள்ளி ஒன்பது. ஒன்று புள்ளி எட்டு. எங்களுக்குள் அப்படி ஒரு சுமுகம் அதற்கு முன்னால் இருந்ததே இல்லை. என் கணவர் பயந்தே போய்விட்டார்.

ஆறாம் மாதம் டாக்டர் நேரில் பார்க்கிற முறை. அண்ணி வரவில்லை. கட்டடத்தில் மேல் தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள், விடுப்பு கிடையாது. படத்துக்கு மட்டும் வேலைக்கு நடுவே ஓடி வந்து, சொட்டு பாட்டிலை வாங்கிக்கொண்டு ஓடினார். சிவப்பு அநேகமாகப் போய்க் கண் பளிச்சென்று இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் கண் நன்றாகிவிட்டதே என்றார்கள்.

எட்டாம் மாதம் படம் எடுக்க வந்து தாடையை வைத்தவர், "அளவுகோல், ஒண்ணு கேக்கறேன். சிரிக்காத," என்றார்.

"கேளுங்க அண்ணி."

"கிரேன் கொக்கி எனக்கு ரெண்டாத் தெரியுது. முன்னாடி ஓரத்துல லேசா நிழல் மாதிரி இருக்கும். இப்ப சரியா ரெண்டு கொக்கி. வலது கண்ண மட்டும் வச்சுப் பார்த்தா ஒண்ணுதான்."

"சுருங்கும்போது கருவிழிய இழுக்கும் அண்ணி. கொஞ்ச நாள் ஆகும்," என்றேன். இது எங்கே படித்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த நிமிடத்தில் வாயில் வந்தது.

ஆனால் சொன்ன பிறகு அது உறுத்தியது. பக்கத்து அறையில் கருவிழியின் வளைவைப் படம் பிடிக்கும் ஒரு மெஷின் இருக்கிறது. வட்டத்துக்குள் வட்டமாக வெளிச்சத்தைக் கண்ணில் விழவைத்துப் பார்க்கும். நல்ல கண்ணில் வட்டங்கள் வட்டமாகவே இருக்கும். அண்ணியைக் கையோடு அங்கே கூட்டிக்கொண்டு போனேன். மூக்குப் பக்கம் வட்டங்கள் எல்லாம் நசுங்கிக் கிடந்தன, யாரோ விரலை வைத்து அழுத்தினது போல. முதல் மாதத்துப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதில் இவ்வளவு இல்லை.

சதை குறைகிறது, நசுங்கல் கூடுகிறது. இரண்டில் ஒன்று பொய். மெஷின்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன், நான் எழுதின விதி கெட்டிருக்கும் என்று நினைப்பேனா? மெஷினில் என் கண்ணையே வைத்துப் பார்த்தேன். வட்டங்கள் வட்டமாக இருந்தன.

திரும்ப என் அறைக்கு வந்து, பெரிய திரையில் அண்ணியின் படத்தைப் போட்டுவிட்டு வெறித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணியும் என் பின்னால் நின்று பார்த்தார்.

"இதுல எல்லாம் தட்டையா இருக்கே," என்றார்.

"தட்டையாதான் இருக்கும். நேரா வெளிச்சம் போட்டு எடுக்கறோம்."

"அப்ப மேடு எது பள்ளம் எதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

நான் படத்தை இன்னும் பெரிதாக்கினேன். அவர் விடாமல் பேசினார். கிரேனைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவருக்கு வாய் ஓயாது.

"மேலருந்து நேரா கீழ பார்த்தா பலகைக்கும் தரைக்கும் நடுவுல எவ்வளவு இருக்குன்னு தெரியவே தெரியாது. புதுசா வர்றவங்க எல்லாம் அங்கதான் இடிப்பாங்க. நான் நிழலத்தான் பார்ப்பேன். பலகையும் அதோட நிழலும் கிட்ட வந்துச்சுன்னா தரை வந்துடுச்சுன்னு அர்த்தம். மத்தியானம் பன்னண்டு மணிக்கு மட்டும் நிழல் அடியிலயே ஒளிஞ்சுக்கும். அப்ப ரேடியோல கீழ இருக்கறவன் சொல்றதக் கேட்டுத்தான் இறக்கணும்."

நான் எடுத்த அத்தனை படமும் மத்தியானம் பன்னிரண்டு மணி. நாற்பது கண், எட்டு மாதம், ஒவ்வொன்றும் நேர் வெளிச்சம்.

"அண்ணி, திரும்பத் தாடைய வைங்க," என்றேன். விளக்கின் கையைப் பிடித்துக் காதுப் பக்கமாக முழுக்கச் சாய்த்தேன். பரந்த வெளிச்சத்தைக் குறுக்கி, காகிதத்தின் ஓரம் அளவுக்கு மெல்லிய கீற்றாக்கினேன். கீற்று கருவிழியின் மேல் ஊர்ந்து மூக்குப் பக்கம் நகர்ந்தது. சிவப்பு முடிகிற இடத்துக்கு வெகு முன்னாலேயே அது வளைந்து மேலே ஏறியது. அங்கே ஒரு மேடு இருந்தது. கண்ணாடி போல வெளிறி, ஒரு ரத்தக் குழாய்கூட இல்லாமல், சாம்பல் நிறத்தில் சதை.

படம் எடுத்தேன். அளந்தேன். ஒரு தடவை இல்லை, ஆறு தடவை. சிவப்பு முடிகிற இடம் ஒன்று புள்ளி ஏழு. சதை முடிகிற இடம் மூன்று புள்ளி ஆறு.

மருந்து வேலை செய்திருக்கிறது, அதுதான் கொடுமை. ரத்தக் குழாய்களை அழகாகச் சுருக்கியிருக்கிறது. சிவப்பு மாதா மாதம் பின்வாங்கியது, நான் அதை அளந்து சந்தோஷப்பட்டேன். சதை வெளிறினபடியே, யார் கண்ணிலும் படாமல் முன்னே போய்க்கொண்டிருந்தது.

"என்ன?" என்றார் அண்ணி.

"இன்னொரு தடவை சரிபார்க்கணும் அண்ணி. சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன்," என்றேன். அந்த அறையில் வைத்துச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை, அதுதான் உண்மை.

அன்றைக்கு இன்னும் ஏழு பேர் படத்துக்கு வரவேண்டியிருந்தது. ஏழு பேருக்கும் விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். மூன்று பேருக்கு சிவப்பும் சதையும் பழையபடி ஒட்டியே இருந்தன. நான்கு பேருக்கு அண்ணிக்கு இருந்த அதே கதை. நம்ப விருப்பமில்லாவிட்டாலும் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது என்பதை ஒளிக்க மாட்டேன். ஐந்தாவது ஆள் உள்ளே வரும்போதே கை விளக்கைச் சாய்க்கப் பறந்தது.

டாக்டரின் அறைக்குப் போய் எட்டுப் பேரின் படங்களையும் மேஜையில் பரப்பினேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அடுத்த மாதம் ஒரு பெரிய கூட்டத்தில் இந்த மருந்தைப் பற்றிப் பேசுவதாக இருந்தார். பேசப்போவதை எழுதி வைத்த தாள்கள் அவர் முழங்கைக்கு அடியிலேயே கிடந்தன.

"நம்ம மருந்து சிவப்பத் தின்னிருக்கு. சதையத் தொடவே இல்ல," என்றார் கடைசியில்.

"என் விதிதான் டாக்டர் தப்பு. நான் அளந்தது மருந்து எதை மாத்துமோ அதையேதான்."

"நானும்தானே அதைப் படிச்சுப் பார்த்துத் தலையாட்டினேன்." தாள்களை எடுத்து அலமாரிக்குள் வைத்தார். "நாற்பது பேரையும் கூப்பிடுங்க. திரும்ப எடுப்போம், ரெண்டு வெளிச்சத்துலயும். அந்தக் காகிதத்தை இன்னைக்கே பிரிச்சுடறேன்." பிறகு அவருக்கு வேறு எதுவோ தட்டுப்பட்டது. "பதினேழாம் நம்பர் நாலாம் மாசம் தேதிய ரத்து பண்ணாங்களே, ஏன்?"

சொன்னேன். சமையலறை, மிளகாய்த் தூள் டப்பா எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. பதினேழாம் எண்ணின் தாளில் அதை எழுதிக்கொண்டார்.

"என்கிட்ட சொல்றது சுலபம்மா. வீட்ல சொல்லிட்டு வாங்க. நாளைக்கழிச்சு ஆபரேஷன் வச்சுக்கலாம்," என்றார்.

அண்ணி வீட்டில் அவர் ஷூவின் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். உட்காரக்கூட இல்லாமல் நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"இப்ப எவ்வளவு?"

"மூணு புள்ளி ஆறு."

"நாலாம் மாசம் வெட்டியிருந்தா?"

"வடு ஓரத்துலயே நின்னிருக்கும்."

"இப்ப வெட்டினா?"

"பாப்பா விளிம்பு வரைக்கும் வந்துடும் அண்ணி. பார்வை வரும். முழுசா வருமான்னு சொல்ல முடியாது."

"நீ வேணாம்னு சொன்ன."

"ஆமா. சொன்னேன்."

அவர் ஷூவைக் கீழே வைத்தார். "போயிடு," என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு அழுதிருப்பேன். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆபரேஷனுக்குத் தம்பியோடு வந்தார். அறைக்குள் படம் எடுக்க வேண்டியது நான். வேறு ஆளை வைத்துக்கொள்ளட்டுமா என்று டாக்டர் கேட்டதற்கு, "அவளே எடுக்கட்டும்" என்று மேஜையில் படுத்தபடி அண்ணியே சொன்னார். டாக்டர் சதையை நுனியிலிருந்து பிரித்து எடுத்தார். பிறகு மேல் இமைக்கு அடியிலிருந்து வெங்காயச் சருகைவிட மெல்லிய தோலில் ஒரு துண்டு. எடுப்பதற்கு முன்பே அதன் மேல் பக்கத்தில் மையால் ஒரு புள்ளி வைத்தார். எது மேல் எது கீழ் என்று எடுத்த பிறகு யாராலும் சொல்ல முடியாது, தலைகீழாகப் போட்டால் அது ஒட்டவே ஒட்டாது. தையல் போடவில்லை. அந்த இடத்தில் கசிந்த அவருடைய ரத்தமே பசையாகட்டும் என்று துண்டை அதன்மேல் விரித்து, ஓரங்களை நீவிவிட்டு, அசையாமல் காத்திருந்தார். அந்த ஒரு காரியத்துக்கு அவரைவிடப் பொருத்தமான டாக்டர் உலகத்தில் கிடையாது. மைப் புள்ளி மேலே பார்த்தபடி இருந்ததை நான் நெருங்கிப் படம் எடுத்துக்கொண்டேன்.

காகிதத்தைப் பிரித்ததில், அண்ணிக்குப் போனது மருந்துதான். மருந்து வாங்கின இருபது பேரில் பதினெட்டுப் பேருக்குச் சிவப்பு போயிருந்தது, ஒருவருக்கும் சதை போகவில்லை. டாக்டர் கூட்டத்தில் போய் அதைத்தான் பேசினார், என் பழைய விதியையும் சேர்த்து. திரும்பி வந்தவர் சோர்ந்திருப்பார் என்று பார்த்தால், புதிதாக ஒரு கேள்வியோடு வந்திருந்தார். வெட்டின சதை திரும்பி வருவதற்கு முதலில் ரத்தக் குழாய்தான் வருகிறது. அப்படியானால் ஆபரேஷன் முடிந்த பிறகு இதே சொட்டைப் போட்டால் திரும்பி வருவது நிற்குமா? இந்த முறை எப்படி அளப்பது என்பதை முதலில் எழுதுங்கள், பிறகு மருந்தைப் பற்றி யோசிப்போம் என்றார். நான் நான்கு விதமாக எழுதி நான்கையும் கிழித்துப் போட்டேன்.

அண்ணி என்னிடம் பேசவில்லை. படத்துக்கு வருவார், தாடையை வைப்பார், இமைக்காமல் உட்காருவார், போய்விடுவார். கண் நன்றாக ஆறியது. துண்டு ஒட்டிக்கொண்டது, திரும்ப வளரவில்லை. பாப்பாவின் ஓரத்தில் மட்டும் ஒரு மங்கல், மூச்சு பட்ட கண்ணாடி மாதிரி. ஒவ்வொரு முறையும் அதை அளக்கும்போது நான் என்னைத் திட்டிக்கொண்டேன்.

வருடக் கடைசிப் பரிசோதனைக்கு என்னைக் கூட வரச் சொல்லித் தம்பியிடம் சொல்லி அனுப்பினார். எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை. ஒரு நீளமான அறை, ஒரு முனையில் நாற்காலி, எதிர் முனையில் வெளிச்சப் பெட்டிக்குள் எழுத்து அட்டை. சோதிக்கிறவர் முதலில் இடது கண்ணை மூடச் சொன்னார். அண்ணி வலது கண்ணால் கடைசி வரி வரை கடகடவென்று படித்தார். பிறகு வலது கண்ணை மூடினார்.

மேலிருந்து ஐந்து வரி படித்தார். கடைசிக்கு முந்தின வரியில் ஐந்து எழுத்து. முதல் இரண்டைச் சொன்னார். மூன்றாவதில் நின்றார். கழுத்தை லேசாகத் திருப்பினார், சோதிக்கிறவர் நேராகப் பார்க்கச் சொன்னார். மூன்றாவதைத் தவறாகச் சொன்னார், நான்காவதையும். ஐந்தாவதைச் சொல்லாமலே கையை இறக்கிவிட்டார்.

"ஆறு மாசம் கழிச்சுத் திரும்ப வாங்க. அதுவரைக்கும் தரையில," என்று எழுதிக் கொடுத்தார் அவர்.

வெளியே வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தோம். மங்கல் இன்னும் கொஞ்சம் தெளியலாம், கண்ணாடி போட்டால் அந்த வரி வந்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைச் சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். இனி அவரிடம் எந்த நம்பிக்கையையும் என் வாயால் கொடுக்கக் கூடாது என்று மூடிக்கொண்டேன்.

"உன்னை எதுக்கு வரச் சொன்னேன் தெரியுமா?" என்றார் அண்ணி.

"தெரியல."

"ஃபெயிலானா நீ பக்கத்துல இருக்கணும்னு. பாஸானா திட்ட மறந்துடுவேன்."

"திட்டுங்க அண்ணி."

அவர் எதிர்ச் சுவரைப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், பிறகு மற்றதை.

"கோவம் இருக்கு. போகாது. மேல ஏறாத ஒவ்வொரு நாளும் இருக்கும்," என்றார். "ஆனா ஒண்ணு யோசிச்சேன். நீ அளவு தப்புன்னு சொல்லாம வாய மூடிட்டு இருந்திருந்தா, மருந்து சரியில்ல, என் நேரம் சரியில்லன்னு நான் போயிருப்பேன். யார் மேல கோவப்படறதுன்னே தெரியாம அந்தக் கண்ணும் போயிருக்கும். நீ வந்து நின்னு சொன்ன. எனக்குத் தெரிஞ்சு பலகைய இடிச்ச எவனும் நான்தான்னு சொன்னதில்ல."

எனக்கு அடக்க முடியவில்லை. இத்தனை மாதமாக அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் பொலபொலவென்று வந்தது. இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தேன்.

அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினார். பையிலிருந்து மடித்த கைக்குட்டையை எடுத்து என் மடியில் போட்டார்.

"கையக் கழுவாம கண்ணத் தொடைக்கற. ஆஸ்பத்திரில வேலை பார்க்கற லட்சணமா இது?" என்றார்.